செக்கின் அடியில் இருக்கும் கோணல்மாணல் எண்கள் எதற்கு? அதன்மேல் கையெழுத்து பட்டால் செக் திரும்பிவிடுமா?

பேனா பட்டதற்காக மெஷின் தடுமாறாது. சேலத்தில் ஒரு வங்கிக் கிளையில் கிளியரிங், அதாவது மற்ற வங்கிகளின் செக்கைப் பணமாக்கும் வேலை, பார்த்தவன் நான்.

ஏற்காட்டிலிருந்து காபி எஸ்டேட்காரர் ஒருவர் வருவார். அவர் கையெழுத்தின் வால் இறங்கி அந்த எண்களுக்குள் ஒரு சுழி சுழித்துவிட்டுத்தான் நிற்கும். போதாக்குறைக்கு ஒருநாள் நானே அதன்மேல் ரப்பர் ஸ்டாம்பைக் குத்திவிட்டேன். எண் என்னவென்று எனக்கே தெரியவில்லை. மெஷின் ஒரே இழுப்பில் படித்துவிட்டது.

காரணம், அது எண்ணைப் பார்ப்பதே இல்லை, காந்தத்தைத் தடவுகிறது. அந்த மையில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறது. சின்ன வயதில் கஞ்சமலைப் பக்கம் ஓடை மணலில் காந்தத்தை இழுத்தால் கருப்பாக மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வருமே, அந்த ஜாதிதான். செக் உள்ளே போனதும் மைக்குக் காந்தம் ஏறும். பிறகு டேப் ரெக்கார்டரில் இருப்பது போன்ற ஒரு ஹெட் வலது ஓரத்திலிருந்து படித்துக்கொண்டே போகும். மை கூடும் இடத்தில் அலை ஏறும், குறையும் இடத்தில் இறங்கும். பத்து எண்ணுக்கும் பத்து விதமான அலை வரவேண்டும், அதற்குத்தான் 1-க்குக் கால் வீங்கியிருப்பது போன்ற கூத்தெல்லாம். பேனா மையில் காந்தம் இல்லை, ஹெட்டுக்கு அது வெறும் காகிதம்.

எழுத்துருவின் பெயர் ஈ-13பி, 1950களில் அமெரிக்காவில் பிறந்தது. பத்து எண், நான்கு குறி, அவ்வளவுதான். ஆங்கில எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. செக் நம்பருக்கு அடுத்த ஒன்பது இலக்கத்தில் முதல் மூன்று ஊர்: சேலத்துக்கு 636, நம் பின்கோடு தொடங்குவதும் அதே எண்ணில்தான். நடு மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை.

உண்மையில் எங்களைப் படுத்தியது ஸ்டேப்ளர் பின்னும் மடிப்பும்தான். செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் சிலர் செக்கை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து வியர்வையோடு நீட்டுவார்கள். மடிப்பு எண்மேல் விழுந்து மை உதிர்ந்தால் ரிஜெக்ட், அப்புறம் நான் உட்கார்ந்து கையால் தட்டவேண்டும்.

2011-இல் சென்னையில் சிடிஎஸ் என்ற செக் பரிமாற்ற முறை வந்தபின் செக்குக்குப் பதில் அதன் படம் பயணம் போகிறது. காந்த வரியையும் இன்றுவரை படிக்கிறார்கள். படத்தைக் கண்ணால் பார்ப்பவரும் உண்டு என்பதால், அடியில் ஒரு விரல் அகலத்தைச் சுத்தமாக விட்டுவிடுங்கள்.

எஸ்டேட்காரரிடமும் இதைச் சொன்னேன். “நாப்பது வருசக் கையெழுத்து தம்பி, வாலை வெட்டச் சொல்றீங்களா?” என்றார். மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதிலும் வால் கட்டத்தைத் தாண்டித்தான் போயிருந்தது.