அயிரை எந்த இனம்? கண்ணுக்குக் கீழே பாருங்கள்

வணக்கம். ஓடையில் கிடைத்த விரல் நீள அயிரை எந்த இனம், தொட்டியில் பெருக்கித் திரும்ப விடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

உடல் பட்டைகளை நம்பாதீர்கள். ஒரே இனத்திலேயே அவை மாறும். மீசையும் உதவாது, மூன்று ஜோடி பல இனங்களுக்கு உண்டு. கண்ணுக்குக் கீழே சிறு முள் இருக்கிறதா பாருங்கள். பள்ளத்துக்குள் மடங்கிப் படுத்திருக்கும், மீன் மிரண்டால் நிமிரும். இருந்தால் பெரும்பாலும் கோபிட்டிடே என்ற அயிரைக் குடும்பம். இல்லையென்றால் பெரும்பாலும் நெமக்கைலிடே என்ற இன்னொரு அயிரைக் குடும்பம். கண்ணாடிப் பெட்டியில் நீரோடு வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம், தலையை மட்டும் நெருக்கமாக இன்னொன்று எடுத்துப் போடுங்கள், இனம் வரை பார்க்கலாம்.

பிடித்த இடத்திலேயே உடனே விட்டுவிடுங்கள். தொட்டியில் இருந்த மீனை ஓடையில் விட்டால் நோயும் கூடவே போகும், தயவுசெய்து வேண்டாம். அயிரைக்காகக் காப்பாற்ற வேண்டியது ஓடையின் அடிக்கூழாங்கல்லும் மணலும்தான், அள்ளப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.