கிட்டில் நெகட்டிவ் வந்தும் டாக்டர் ஏன் பார்வோ என்கிறார்?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: நாய்க்குட்டிக்கு ரத்தபேதி, மலத்தைச் சோதிக்கும் கிட்டில் நெகட்டிவ், டாக்டரோ பார்வோதான் (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்கிறார், எதை நம்புவது?

டாக்டரைத்தான். கிட்டில் கோடு விழ மலத்தில் வைரஸ் ஏராளமாக இருக்க வேண்டும். நாள் ஆக ஆக அது வெளியேறுவது குறையும். குடலில் சுரக்கும் எதிர்ப்புப் பொருளும் வைரஸை மூடிக்கொள்ளும். அப்புறம் எங்கே கோடு விழும்?

பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனை வேறு. ஆசனவாயில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்த மாதிரியிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, வைரஸின் வெளிப்புறப் புரத ஓட்டுக்கான விபி2 மரபணுத் துண்டைப் பல லட்சம் மடங்கு பெருக்குவார்கள். துளி இருந்தாலும் சிக்கிவிடும். அந்த மரபணுவின் வரிசையைப் படித்தால் 2ஏ, 2பி, 2சி என வகையும் தெரியும். அது உருவாக்கும் புரதத்தின் 426-ஆவது அமினோ அமிலம்தான் அடையாளம். (வகை எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான்; அது ஆராய்ச்சியாளர்கள் கவலை.)

ஒரு சிக்கல்: சமீபத்தில் தடுப்பூசி போட்டிருந்தால், ஊசியிலுள்ள வீரியம் குறைத்த வைரஸும் பிசிஆரில் பாசிட்டிவ் காட்டலாம். மாதிரியோடு ஊசி போட்ட தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சோதனை பற்றி அங்கே விசாரியுங்கள். ஆனால் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். டிரிப்ஸ் இன்றே ஏறட்டும்.