கியோட்டோவில் அனிமேஷன் வேலை: பிளஸ் ஒன் மாணவியின் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மகள் ‘கியோட்டோ அனிமேஷனில்தான் வேலை பார்ப்பேன்’ என்கிறாளே, அது நடக்கிற காரியமா என்பது ஒன்று. படம் வரைந்து பிழைக்க முடியுமா என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கான பதில் அவள் ஆசைப்படும் அந்த ஜப்பானிய அனிமேஷன் ஸ்டுடியோவின் வரலாற்றிலேயே இருக்கிறது. அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். அவர்களுடைய தொடர்களைப் பற்றி அவளுக்கு நிறையத் தெரிந்திருக்கும். அந்த கம்பெனி எப்படி வளர்ந்தது என்பதைத்தான் அவள் யோசித்திருக்க மாட்டாள்.

ஜப்பானில் வாராவாரம் அரைமணி நேர அனிமேஷன் தொடர் என்ற வழக்கம் வேரூன்றியது 1963 புத்தாண்டு நாளில், படக்கதைக் கலைஞர் ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஒளிபரப்பான பிறகுதான். அதைத் தயாரித்த முஷி புரொடக்‌ஷன் 1973இல் திவாலானது. அங்கே செல்லுலாய்டு தாள்களில் வண்ணம் தீட்டும் பிரிவில் இருந்தவர் யோகோ ஹத்தா. திருமணமாகி, கியோட்டோவுக்குத் தெற்கே உஜி என்ற ஊரில் குடியேறினார். தேயிலைக்கும் பழைய புத்தர் கோயிலுக்கும் பேர்போன சின்ன ஊர் அது. அனிமேஷன் தொழில் முழுக்க டோக்கியோவில் இருந்த காலம். யோகோ அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளைச் சேர்த்துக்கொண்டு, டோக்கியோ ஸ்டுடியோக்களிடமிருந்து வண்ணம் தீட்டும் வேலையை வாங்கிச் செய்ய ஆரம்பித்தார். அது 1981. நான்கு வருஷம் கழித்து அது முறைப்படி ‘கியோட்டோ அனிமேஷன்’ நிறுவனமானது. கணவர் ஹிதேயாகி ஹத்தா தலைவரானார்.

அவர்கள் முதல் நாளே சொந்தக் கதையோடு வரவில்லை. முதலில் வண்ணம் மட்டும். பிறகு வரைகலைப் பிரிவு. அப்புறம் ‘கிரேயான் ஷின்-சான்’, ‘இனுயாஷா’ போன்ற பிறருடைய தொடர்களில் சில எபிசோடுகள். முழுத் தொடரையும் தங்கள் பொறுப்பில் செய்தது 2003இல், ‘ஃபுல் மெட்டல் பானிக்? ஃபுமோஃபு’. தொடங்கி 22 வருஷம் ஆகியிருந்தது. அதன் பிறகுதான் உங்கள் மகளுக்குத் தெரிந்த பெயர்கள் வரிசையாக வருகின்றன: 2006இல் ‘ஹருஹி சுசுமியா’, 2009இல் ‘கே-ஆன்’, 2012இல் ‘ஹ்யோகா’, 2015இல் ‘சவுண்ட்! யூபோனியம்’, 2016இல் ‘எ சைலன்ட் வாய்ஸ்’, 2018இல் ‘வயலட் எவர்கார்டன்’.

இப்போது சம்பளம். ஜப்பானில் பெரும்பாலான அனிமேட்டர்கள் சம்பளக்காரர்கள் இல்லை. வரைந்து கொடுக்கும் தாளுக்கு இவ்வளவு, காட்சிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். இரண்டு முக்கிய அசைவுகளுக்கு நடுவே வரும் படங்களை வரைவதை இன்பிட்வீன் என்பார்கள். புதிதாகச் சேர்கிறவர் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு தாளுக்கு 200 யென் அளவில்தான் வெகுகாலமாகக் கொடுத்துவந்தார்கள். அனிமேஷன் கலைஞர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இன்பிட்வீன் வரைகிறவர்களின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென்தான். டோக்கியோவில் வாடகை கொடுத்துவிட்டுச் சாப்பிட அது போதாது. உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. அதை நான் மறைக்கப்போவதில்லை.

ஆனால் உங்கள் மகள் சொல்லும் இடம் இந்த வழக்கத்துக்கு மாறாக நடந்த இடம். கியோட்டோ அனிமேஷன் தன் கலைஞர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. வரைவது, வண்ணம், பின்னணி ஓவியம், ஒளிப்பதிவு எல்லாமே தன் கூரைக்குள் நடக்கும்படி பார்த்துக்கொண்டது. கலைஞர்களைத் தயார் செய்ய சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. பெண்கள் அங்கே அதிகம், பொறுப்பான இடங்களிலும் இருந்தார்கள். நவோகோ யமாதா கலைக் கல்லூரியில் எண்ணெய் வண்ண ஓவியம் படித்தவர். 2004இல் அங்கே சேர்ந்தார். 2009இல் ‘கே-ஆன்’ தொடரை இயக்கியபோது அவருக்கு வயது 24. காது கேளாத பெண்ணைப் பற்றிய ‘எ சைலன்ட் வாய்ஸ்’ படத்தையும் அவர்தான் இயக்கினார். அந்தப் படத்தில் கைகளை மட்டும் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சைகை மொழியில் ஒவ்வொரு விரலும் எப்படி மடங்க வேண்டும் என்று யாரோ ஒருவர் தாளில் கண்டுபிடித்திருக்கிறார். தாளுக்குக் கூலி வாங்குகிறவருக்கு அந்த நிதானம் கிடைப்பது கஷ்டம். மாதச் சம்பளமும் கூடவே உட்கார்ந்து சொல்லித்தரும் மூத்தவரும் இருந்தால்தான் இப்படி வரைய முடியும். என் கணிப்பில், அந்தக் கம்பெனியின் அழகான வேலைக்கு அடிப்படையான காரணம் இதுதான்.

இன்னொன்றையும் செய்தார்கள். பிறருடைய கதையை மட்டும் நம்பியிருந்தால் உரிமைத்தொகை கைக்கு வராது என்பதால், 2009இல் சொந்தமாக ஒரு எழுத்துப் போட்டியைத் தொடங்கி, பரிசு பெறும் நாவல்களைத் தாங்களே பதிப்பித்தார்கள். ‘வயலட் எவர்கார்டன்’ அந்தப் போட்டியில் 2014இல் பெரும்பரிசு பெற்ற நாவல்தான்.

2019 ஜூலை 18 அன்று நடந்ததை உங்கள் மகள் அறிந்திருப்பாள். கியோட்டோவின் ஃபுஷிமி பகுதியில் இருந்த முதல் ஸ்டுடியோவுக்கு ஒருவன் தீ வைத்தான். 36 பேர் இறந்தார்கள். முதல் முழுத் தொடரான ‘ஃபுமோஃபு’வை இயக்கிய யாசுஹிரோ தகேமோட்டோ, இளையவர்களுக்கு ஆசானாக இருந்த யோஷிஜி கிகாமி, இன்னும் தொழிலில் காலே ஊன்றாத இளம் பெண்கள் என அந்தப் பட்டியலை இன்றும் என்னால் சாதாரணமாகப் படிக்க முடியாது. உலகம் முழுவதிலிருந்தும் 300 கோடி யென்னுக்கு மேல் நன்கொடை வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ‘வயலட் எவர்கார்டன்’ திரைப்படம் வெளியானது. ‘யூபோனியம்’ தொடரின் மூன்றாம் பாகம் 2024இல் வந்தது. மிச்சம் இருந்தவர்கள் வேலையையும் பயிற்சியையும் விடாமல் நடத்தினார்கள்.

அதற்காக ‘அந்த ஒரு கம்பெனிதான்’ என்று அவள் மனதைக் கட்டிப்போட விடாதீர்கள். பெரிய பெயர்களும் மாறும். ஜப்பானின் இன்னொரு புகழ்பெற்ற அனிமேஷன் கம்பெனியான ஜிப்லி ஸ்டுடியோ 1985இல் தொடங்கி, ஆரம்பத்தில் படத்துக்குப் படம் ஆட்களைச் சேர்த்துக் கலைத்தது. 1989 வாக்கில்தான் நிரந்தர ஊழியர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்தது. ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய அதே இடம், 2014இல் தயாரிப்புப் பிரிவையே கலைத்தது. அங்கே கற்ற கலைஞர்கள் வேறு ஸ்டுடியோக்களுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார்கள். கையில் தொழில் இருந்தது.

வெளிநாட்டுப் பெண்ணுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஜப்பானில் வேலை விசா கிடைக்க, பொதுவாக ஒரு பட்டமோ ஜப்பானியத் தொழிற்கல்லூரிப் படிப்போ வேண்டும். ஜப்பானியருக்குக் கொடுப்பதற்குக் குறையாத, நிலையான வருமானம் காட்டும் ஒப்பந்தமும் வேண்டும். தாளுக்கு 200 யென் என்ற கூலியை வைத்து விசா வாங்குவது கஷ்டம். ஆகவே மாதச் சம்பளம் தரும் ஸ்டுடியோவைத் தேடுவது அவளுக்கு ஆசை மட்டுமில்லை, அவசியமும்கூட. பட்டப்படிப்பை விட்டுவிட்டு ஆறு மாத கோர்ஸில் சேரக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதும் இதனால்தான். ‘நூறு சதவீதம் வேலை’ என்று போர்டு வைத்து லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்களில் சாஃப்ட்வேர் சொல்லித் தருவார்கள். வரையச் சொல்லித் தர மாட்டார்கள்.

சரி, எங்கே படிப்பது? அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அனிமேஷன் பட வடிவமைப்பு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். போட்டி கடுமை. ஐஐடிகளின் வடிவமைப்புப் படிப்புக்கு யூசீட் தேர்வு இருக்கிறது. பிறகு பம்பாய் ஐஐடியில் அனிமேஷனில் முதுநிலை படிக்கவும் வழி உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் என்றால், சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் ஓவியம் படிப்பதையும் தாழ்வாக நினைக்காதீர்கள். யமாதா வந்த வழி அதுதான். உங்கள் கணவர் பொறியியல்தான் என்று உறுதியாக இருந்தால், கணக்குப் பிரிவை இப்போது மாற்ற வேண்டாம். மேலே சொன்ன எதற்கும் அது தடையில்லை.

ஜப்பான் என்பது பட்டத்துக்குப் பிறகு. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் ஆராய்ச்சி மாணவர், இளநிலை, தொழிற்கல்லூரி என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் அனிமேஷன் முதுநிலைத் துறை 2008 முதல் நடக்கிறது. கியோட்டோ செய்கா பல்கலைக்கழகத்தில் மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது. மொழியை மட்டும் இன்றே தொடங்கலாம். காட்சிகளை வரிசையாக வரைந்துவைக்கும் ஸ்டோரிபோர்டில் இயக்குநர் கிறுக்கிய குறிப்பை வாசிக்கத் தெரியாதவரை ஸ்டுடியோவில் வைத்துக்கொள்ள முடியாது. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வு கீழ்நிலையான என்5இல் தொடங்கி என்1 வரை உயரும். பட்டம் வாங்கும்போது என்2 இருந்தால் நல்லது. சப்டைட்டிலுடன் தொடர் பார்ப்பது மொழி கற்பதாகாது. வகுப்பில் சேர்த்து விடுங்கள்.

வரையவே வராது, கதைதான் பிடிக்கும் என்றால் அதற்கும் இடம் உண்டு. ஜிப்லியின் இசாவோ தகாஹாதா டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். அவர் அனிமேட்டராக இருந்ததே இல்லை. இயக்குநராகவே இருந்தார்.

உங்கள் மகளின் வரைபட நோட்டை எனக்கு அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். அனுப்புங்கள். ஆனால் பிடித்த கதாபாத்திரங்களைப் பார்த்து வரைந்த பக்கங்கள் வேண்டாம். நீங்கள் காய் நறுக்குவது, பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பையைத் தோள் மாற்றுவது, அவள் அப்பா செருப்பு மாட்டுவது என்று அசைகிற மனிதர்களை நேரில் பார்த்து, ஒரு படத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்காமல் வரையட்டும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்த நோட்டோடு இருவரும் வாருங்கள். அவள் அப்பாவும் வந்தால் எனக்குச் சந்தோஷம்.