அழுகுரல் கேட்காமலேயே ஒரு காட்சி நம்மை எப்படிக் கலங்கவைக்கிறது?

நடிப்பு இருக்கும்போது கேமராவும் எடிட்டிங்கும் உணர்ச்சிக்குப் பெரிதாக என்ன சேர்த்துவிட முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். மிக அதிகமாகச் சேர்க்க முடியும் என்பதே என் பதில்.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில் ஹரிஹர் வீடு திரும்பும் காட்சியை எடுத்துக்கொள்வோம். மகள் துர்கா இறந்துபோனதை அறியாத அவர், வெளியூரில் வாங்கிவந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, அவளுக்கென்று வாங்கிய சேலையையும் மனைவி சர்பஜயாவிடம் கொடுக்கிறார். நமக்குத் தெரிந்த செய்தி அவருக்கு மட்டும் தெரியாது என்பதால், அவருடைய உற்சாகப் பேச்சுக்கு நடுவே சர்பஜயாவின் இறுகிய முகம் திரையில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் தாங்க முடியாததாகிறது. சட்டென்று உண்மையைச் சொல்லவைத்துக் காட்சியை முடித்திருந்தால் இந்த வலி பிறந்திருக்காது. கடைசியில் சேலையைப் பற்றிக்கொண்டு சர்பஜயா உடைந்து அழும்போது, அந்த அழுகுரலை நீக்கிவிட்டு அதன் இடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்பு இசைக்கருவியின் உச்சஸ்தாயி இசையை வைத்தார் ராய். துயரத்தை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன ஒலித்தேர்வு இந்திய சினிமாவில் மிக அரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தடுத்து வரும் ஷாட்களின் (வெட்டின்றி ஓடும் தனித்தனிக் காட்சித் துண்டுகளின்) சேர்க்கையே பொருளை உருவாக்குகிறது என்பதைச் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் முன்பே காட்டியிருந்தார்: உணர்ச்சியற்ற ஒரே முகத்தின் ஷாட்டைச் சூப்புக் கிண்ணத்தின் ஷாட்டுடன் இணைத்தால் பசியாகவும், சவப்பெட்டியின் ஷாட்டுடன் இணைத்தால் துக்கமாகவும் பார்வையாளர்கள் படித்துக்கொண்டார்கள். க்ளோசப் (மிக அருகிலிருந்து காட்டுவது), லாங் ஷாட் (தூரத்திலிருந்து காட்டுவது), கேமரா கோணம் ஆகிய அனைத்தும் இந்தச் சேர்க்கைக்குள் வரும்போதுதான் முழு வலிமை பெறுகின்றன.