நாலு பெட்டைக் குட்டிகளை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் நிற்கும் கட்டாக்காலி நாய் இந்த வருடம் இரண்டாவது தடவையாகக் குட்டி போட்டிருக்கிறது. ஆறு குட்டிகள், அதில் நாலு பெட்டை. “பெட்டியில் போட்டு மார்க்கெட்டடியில் விட்டால் யாராவது எடுப்பார்கள்” என்கிறார் பக்கத்து வீட்டு ஐயா. எனக்கு மனம் கேட்கவில்லை. யாரிடம் சொல்வது?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: விட வேண்டாம், தங்கச்சி. அப்படி விட்ட குட்டிகளைத் தேடிப் போயிருக்கிறேன். கடுவன் குட்டிகளைப் பின்னேரத்துக்குள் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெட்டைகள் மீன் கழுவிய தண்ணீரில் நனைந்தபடி பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஒரு மழைக்கு அட்டைப்பெட்டியின் அடி கழன்றுவிடும். பக்கத்திலேயே காலி வீதி. மிச்சத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

குட்டிகள் எட்டுக் கிழமையாவது தாயோடு இருக்கட்டும். அதற்குள் ஆட்களைச் சேருங்கள். எங்கள் ஒழுங்கையில் தொடங்கும்போது மூன்றே பேர்தான்: சோறு வைக்கிற நான், ஓட்டோ ஓடுகிற தம்பி ஒருவர், பின்வளவில் பாவிக்காத அறை வைத்திருந்த ஓய்வுபெற்ற ரீச்சர். இப்போது வட்ஸ்அப் குழுவில் இருபது பேருக்கு மேல் இருக்கிறோம். நாயைத் தொடவே பயந்தாலும் மாதம் தவறாமல் காசு தருகிறவர்கள்கூட உண்டு. அவர்களும் தேவைதான்.

தாய்க்குக் கருத்தடை செய்யாமல் குட்டிகளுக்கு மட்டும் வீடு தேடினால் ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போலத்தான். ஒரு நாய் சுமப்பது சுமார் 63 நாள், வருடத்தில் இரண்டு தடவை. குட்டிகள் பால் மறந்ததும் தாயைக் கொண்டுபோக வேண்டும். பிடிப்பதற்கு வலையும் தடியும் வேண்டாம். ஒரே நேரம், ஒரே தட்டு, ஒரே ஆள் என்று இரண்டு கிழமை சாப்பாடு வையுங்கள். தலையைத் தடவ விடும், அப்புறம் கயிறு போடவும் விடும். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் இரவு வெறும் வயிறாக இருக்க வேண்டும். எங்களுக்கு எப்போதும் பிழை வருவது இந்த இடத்தில்தான். கடைக்காரர், காவலாளி, ரியூசன் பிள்ளைகள் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைக்காவிட்டால் யாராவது இரக்கப்பட்டு ஒரு துண்டு பாண் போட்டுவிடுவார்கள். அதோடு அன்றைய பயணம் வீண்.

நாங்கள் முதலில் கொண்டுபோன பெட்டை, ஓட்டோவில் விரித்த சாக்கில் ஏறியதும் நடுங்கத் தொடங்கியது. பம்பலப்பிட்டிச் சந்தி தாண்டும்போது மெதுவாகத் தாடையை என் செருப்பின் மேல் வைத்தது. இறங்கும்வரை காலை அசைக்காமல் இருந்தேன். சத்திரசிகிச்சை முடிந்து ரீச்சர் வீட்டு அறையில் ஐந்து நாள் இருந்தது. பிறகு பழைய இடத்திலேயே, மருந்துக்கடை வாசலில் விட்டோம். இன்றும் அங்கேதான் படுக்கிறது. காது நுனியில் இருக்கும் சின்ன வெட்டுத்தான் கருத்தடை செய்த நாய் என்பதற்கு அடையாளம்.

“ஏன் திரும்ப இங்கேயே விடுகிறீர்கள்?” என்று உங்கள் பக்கத்து வீட்டு ஐயா நிச்சயம் கேட்பார். கருத்தடையோடு நீர்வெறுப்பு நோய்க்கு ஊசியும் போட்ட நாய் அந்த இடத்தைக் காக்கும். அதை அகற்றினால் ஊசி போடாத வேறொன்று அந்த இடத்துக்கு வரும். நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 2006இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு நாட்டில் நடப்பது இந்தக் கருத்தடை, தடுப்பூசி முறைதான். கொழும்பு மாநகர சபையின் மிருக வைத்தியப் பிரிவில் விசாரியுங்கள். ஒட்டாரா குணவர்தன 2007இல் தொடங்கிய எம்பார்க், புளூ போ ட்ரஸ்ட் போன்ற விலங்கு நல அமைப்புகளிடமும் கேட்கலாம்.

குட்டி கேட்டு வருகிறவரின் வீட்டை ஒரு தடவை போய்ப் பாருங்கள். “பெரிய தோட்டம் இருக்கு” என்ற ஒருவரை நம்பி நான் போய்ப் பார்க்காமலே ஒரு குட்டியைக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தண்ணீர்த்தாங்கியின் கீழே இரண்டடிச் சங்கிலி. கழுத்தில் மயிர் இல்லை. கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு ஹஸ்கி வாங்க நினைக்கிறோம். தொடர்மாடியில் நாலாவது மாடி. என்ன சொல்கிறீர்கள்?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த இனம் அது. சித்திரை வெயிலில் நாலாம் மாடியில் அது படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு இருக்க உங்கள் மகனாலும் முடியாது.

பொதுவாக ஒரு நாய் பன்னிரண்டு, பதினைந்து வருடம் வாழும். நல்லூர்த் திருவிழா 25 நாள். ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? கனடா விசா வந்தால்? பதினொரு வயது நாயைக் காவலாளியிடம் விட்டுவிட்டுப் போன குடும்பங்களை வெள்ளவத்தையில் எனக்குத் தெரியும். அந்த நாய்கள் வாசல் கேட்டைப் பார்த்தபடியே படுத்திருக்கும், தட்டைத் தொடாது. இதற்கெல்லாம் பதில் இருந்தால், மேலே எழுதிய வாசகியிடம் நாலு குட்டிகள் இருக்கின்றன. இதழ் முகவரிக்கு எழுதுங்கள், சேர்த்து வைக்கிறேன்.

கேள்வி: பக்கத்து வீட்டு நாய் விளையாட்டாகப் பிள்ளையின் காலைக் கடித்துவிட்டது, மெல்லிய கீறல்தான். ஊசி போட்ட நாய் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?
வாசகி, தெஹிவளை

பதில்: இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்கும் கேள்வி இல்லை இது, அம்மா. இன்னும் போகவில்லை என்றால் இப்போதே போங்கள். கடித்த உடனேயே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூச வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாயின் தடுப்பூசி அட்டையையும் கேட்டு வாங்கிப் போங்கள். ஊசி தேவையா என்பதை அங்கே முடிவு செய்வார்கள். நாயை அடிக்கவோ துரத்தவோ வேண்டாம். இரண்டு கிழமை அது கண்முன்னால் நிற்க வேண்டும். நீர்வெறுப்பு நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: பூனைக்குக் காய்ச்சல். அரைப் பனடோல் கொடுக்கலாமா?
வாசகர், மட்டக்குளி

பதில்: கால் துண்டுகூடக் கொடுக்காதீர்கள், பூனைக்கு அது நஞ்சு. ஏற்கனவே கொடுத்திருந்தால் இந்த நிமிடமே மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.