பெயின்ட்டுக்குள்ள போன வெளிச்சம்

கேள்வி: வெள்ளை பெயின்ட், பால் மாதிரி பொருளுக்குள்ள போற வெளிச்சம் கண்டபடி சிதறிடுது. வெளிய வர்றது வெறும் இரைச்சல்தானே, அதுல போய் புள்ளியியல் தொடர்பு, அதாவது ஒரு இடத்து வெளிச்சம் மாறினா இன்னொரு இடத்துலயும் சேர்ந்து மாறுதாங்கிறத, தேடுறதுல என்ன பிரயோஜனம்?

பதில்: அந்த 'வெறும்'தான் தப்பு. சிதறுறது வேற, அழியுறது வேற.

காஞ்ச பெயின்ட் அடுக்கு மேல லேசர் அடிச்சா மறுபக்கம் புள்ளி புள்ளியா ஒரு கோலம் விழும், ஸ்பெக்கிள்னு சொல்வாங்க, பாக்க தாறுமாறாத்தான் இருக்கும், ஆனா உள்ள இருக்கிற துகள் அசையாத வரைக்கும் எத்தன தடவ அடிச்சாலும் அதே கோலம்தான். இப்ப லேசர கொஞ்சூண்டு சாய்ச்சுப் பாருங்க, கோலம் கலையாது, அப்படியே கூடவே நகரும்! இதுக்குப் பேர் மெமரி எஃபெக்ட். 1988ல ஃபெங், கேன், லீ, ஸ்டோன்னு நாலு இயற்பியல் ஆய்வாளருங்க கணக்குப் போட்டு சொன்னாங்க, அதே வருஷம் லேப்லயும் பாத்தாச்சு. 2012ல நெதர்லாந்து, இத்தாலி ஆளுங்க இத வச்சே கண்ணால ஊடுருவிப் பாக்க முடியாத அடுக்குக்குப் பின்னாடி மறைஞ்சிருந்த பொருளோட உருவத்த மீட்டெடுத்தாங்க. நீங்க இரைச்சல்னு சொன்னதுலேர்ந்துதான் அந்தப் படமே வந்துச்சு.

எனக்கு இதவிட ஆச்சரியமானது இன்னொன்னு. 2007ல வெல்லகூப், மோஸ்க்னு நெதர்லாந்து ஆய்வாளருங்க ரெண்டு பேரும் சுமார் 10 மைக்ரான் தடிமன் டைட்டானியம் டை ஆக்ஸைடு அடுக்கு வழியா, அதாவது பெயின்ட்டுக்கு வெள்ளை குடுக்கிற அதே பொடிதான், உள்ள போற ஒளி அலைய முன்கூட்டியே சீரமைச்சு ஒரே புள்ளியில குவிச்சாங்க, சுத்தி இருக்கிறத விட 1000 மடங்கு பிரகாசம். அடுத்த வருஷம் பாத்தா, அவங்க குறி வச்சது ஒரு புள்ளிக்குத்தான், ஆனா கடந்து வர்ற மொத்த வெளிச்சமுமே கூடியிருக்கு. அலை போற பாதைங்க உள்ளுக்குள்ள ஒண்ணையொண்ணு குறுக்க வெட்டுறதால தூரத்துப் புள்ளிங்களுக்கு நடுவுலயும் தொடர்பு இருக்கு, ஒண்ண தூக்கினா மத்ததும் கொஞ்சம் எழும்பும். கச்சிதமா சீரமைச்சா மொத்தத்துல மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் கடக்கும்னு கணக்கு, அவங்க அளவீடும் அதோட ஒத்துப்போச்சு. இந்தத் தொடர்ப தேடாம விட்டிருந்தா இது எப்படிங்க தெரிஞ்சிருக்கும்?

இதுக்கு வரம்பும் இருக்கு. அடுக்கு தடிமனாக ஆக, கோலம் கலையாம சாய்க்கக்கூடிய கோணம் சுருங்கிடும். நீங்க சொன்ன பால்ல துகள் அலைஞ்சுக்கிட்டே இருக்கும், உயிருள்ள தசையில ரத்தம் ஓடும், அதனால மில்லிசெகண்ட் கணக்குல கோலமே மாறிடும். உடம்புக்குள்ள வெளிச்சம் வச்சுப் பாக்க நினைக்கிறவங்க இப்ப அந்த வேகத்தோடதான் மல்லுக்கட்டுறாங்க.