ஃபோர் டெட் மிக்ஸை மறுபடியும் கோக்கிறேன்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

2012-இல் சுங்கை சிப்புட் நண்பர்களுக்காக வீட்டிலேயே ஃபோர் டெட் என்ற இசைக்கலைஞரின் பாட்டுகளைக் கோத்து ஒரு மிக்ஸ் செய்து சிடியில் அடித்துக் கொடுத்தேன். அவருடைய பாட்டுகள், அவற்றுக்கு மற்றவர்கள் செய்த ரீமிக்ஸ்கள் எல்லாம் அதில் கலந்திருக்கும். அதை இப்போது பிரித்து மறுபடியும் செய்யப் போகிறேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையில் பதில் எழுதுகிறேன்.

அண்ணா, யார் இந்த ஃபோர் டெட்? எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது? (தாப்பாவிலிருந்து ஒரு தங்கை)

கீரன் ஹெப்டன் என்பவர் பாட்டு போட வைத்துக்கொண்ட பெயர்தான் அது, லண்டன்காரர், 1977-இல் பிறந்தவர், அம்மா வழியில் இந்திய வம்சாவளி. ஃப்ரிட்ஜ் என்ற குழுவில் வாசித்துக்கொண்டே தனியாகவும் பாட்டு போட ஆரம்பித்தார். முதலில் 2003-இல் வந்த 'ரவுண்ட்ஸ்' கேளுங்கள், அப்புறம் 2010-இன் 'தேர் இஸ் லவ் இன் யூ'. இந்த இரண்டும் பிடித்துவிட்டால் மற்றதை நீங்களே தேடிப் போவீர்கள்.

பழைய ஆல்பங்கள் நடுவில் ஸ்ட்ரீமிங்கில் காணாமல் போனதே, ஏன்? (ஈப்போ)

பாட்டு ஸ்ட்ரீமிங்கில் ஓடினால் அவருக்கு எத்தனை சதவீதம் என்பதில் அவருக்கும் அவருடைய பழைய ஆல்பங்களை வெளியிட்ட டொமினோ நிறுவனத்துக்கும் வழக்கு. அது நடக்கும்போதே, 2021 கடைசியில், 'ரவுண்ட்ஸ்' உட்பட மூன்று ஆல்பங்கள் எடுக்கப்பட்டன. 2022-இல் சமரசமாகி அவருக்கு 50 சதவீதம் என்று முடிந்தது. மிக்ஸ் செய்கிறவர்கள் பாட்டைக் காசு கொடுத்து வாங்கி ஃபைலாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

நீங்கள் கொடுத்த சிடி இன்னும் என்னிடம் இருக்கிறது, ஆனால் பாதியில் திக்குகிறது. காப்பாற்ற முடியுமா? (கோலகங்சாரிலிருந்து ஒரு அக்கா)

அக்கா, முதலில் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். ஊசி குத்தினாற்போலப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பூச்சு உரிந்துவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை. நிறைய பேர் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் பதிவு இருப்பது பேனாவால் பேர் எழுதும் மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான், அங்கே கீறினால் நேராகப் பாட்டையே கீறுகிறோம். பொட்டு இல்லையா, மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளைப் போட்டு, பாட்டுகளை ஃபைலாக எடுங்கள். இலவசம்தான். படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், பொறுமையாக விடுங்கள். இனிமேல் காருக்குள் வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு சிடி தாங்காது.

பாட்டுகளின் வரிசையை மாற்றுவீர்களா? ஒரிஜினலையும் ரீமிக்ஸையும் அடுத்தடுத்து வைத்தால் என்ன? (தைப்பிங் தம்பி)

தம்பி, இந்த மிக்ஸில் நான் அதிகம் யோசித்ததே இதைத்தான். அடுத்தடுத்து வைத்தால் கேட்கிறவர் இரண்டையும் ஒப்பிட்டு மார்க் போட ஆரம்பித்துவிடுவார், பாட்டுக்குள் போகமாட்டார். தள்ளி வைக்க வேண்டும். 'ஏஞ்சல் எக்கோஸ்' எடுத்துக்கொள். ஒரு பெண் குரலைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளையே சுற்றவிட்டிருப்பார். அதை ஆரம்பத்திலேயே வைத்துவிட்டு, அரை மணி நேரம் வேறு பாட்டுகள் போன பிறகு கரிபூ என்ற இன்னொரு கலைஞர் செய்த ரீமிக்ஸை விட்டால், 'இந்தக் குரலை எங்கேயோ கேட்டோமே' என்று காது தானாக நிமிரும். அந்த ஒரு நொடிக்காகத்தான் மிக்ஸே. ஜான் ஹாப்கின்ஸும் இதே பாட்டுக்கு ரீமிக்ஸ் செய்திருக்கிறார், நல்ல வேலை, ஆனால் மூன்றாவது தடவை அதே குரல் வந்தால் அந்த நிமிர்வு போய்விடும், அதனால் சேர்க்கவில்லை.

'லவ் க்ரை' நடுவில் இருந்தது, நடுவிலேயே இருக்கும். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, குரல் வருமுன் டிரம்ஸே நெடுநேரம் போகும். சலித்துவிடுமோ என்று பலர் அதை வெட்டுவார்கள். வெட்டவே கூடாது, அந்தக் காத்திருப்புதான் பாட்டு.

வேகம் ஒத்து வராத பாட்டுகளை எப்படி ஒட்டுவது? (பீடோர்)

நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஓடும் பாட்டை 124-க்கு ஏற்றினால் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், யாருக்கும் உறுத்தாது. 127-க்கு இழுத்தால் ஏறத்தாழ 6 சதவீதம், சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். சுருதியைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் இவர் பாட்டில் மணியோசையும் கம்பி வாத்தியமும் அதிகம் என்பதால் பூட்டினால் ஓசை நொறுங்குவது தெரியும். அவ்வளவு இழுக்காதீர்கள், நடுவில் வேறு பாட்டு போடுங்கள். இரண்டு பாட்டும் சேர்ந்து ஓடும் நேரத்தில் ஒன்றின் பேஸை, அதாவது அடி ஓசையை, முழுதாக இறக்கிவிடுங்கள். 120 வேகத்தில் 16 பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) என்றால் 32 விநாடி, அது போதும்.

உறுமி மேளம் சேர்க்கலாமா, அண்ணா? (சுங்கை சிப்புட்)

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் திருவிழாவில் நேரடியாகப் பதிவு செய்த உறுமியின் வேகம் ஆட்டத்தோடு ஏறி இறங்கும், கம்ப்யூட்டர் தாளத்தோடு ஒரு நிமிடம்கூட நிற்காது. நான்கு பார் மட்டும் வெட்டிச் சுழலவிட்டால் நிற்கும். அதைத் தனி மிக்ஸாகச் செய்வோம்.

என் அம்மா ஒரு பாட்டில் லதா மங்கேஷ்கர் குரல் கேட்டதாகச் சொல்கிறார். உண்மையா? (தெலுக் இந்தான்)

அம்மாவின் காது சரி. 2015-இல் வந்த 'மார்னிங் ஈவ்னிங்' ஆல்பத்தில் மொத்தமே இரண்டு பாட்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 நிமிடம். முதல் பாட்டில் வருவது 1983-இல் வந்த 'சௌத்தன்' இந்திப் படத்தில் லதா பாடியது. அதை என் மிக்ஸில் சேர்க்க மாட்டேன், துண்டாக்கினால் வீணாகிவிடும். அம்மாவோடு உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள்.

புது மிக்ஸ் எப்படிக் கிடைக்கும்? (பலர்)

நேரில் வந்தால் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன், சும்மாதான், விற்க மாட்டேன். கார் ஸ்டீரியோ பழசு என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் ஃபைலை அது படிக்காமல் போகலாம், 320 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 ஆக்கி வைக்கிறேன். 128 மட்டும் கேட்காதீர்கள், அதில் டிரம்ஸின் மேல்ஓசை கெட்டுவிடும்.